இருபத்தைந்துக்குக் கீழே

ஃப்ளூதிரில் ஜனவரி.
பகல் பதினொன்றுக்கு வந்து
நாலு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுகிறது.
கண்ணாடிக் கூடத்துக்குள் மட்டும்
மஞ்சள் விளக்குகளின் முடியாத நண்பகல்.
வெளியே பனி.
மண்ணுக்கடியிலிருந்து வரும் கொதிநீர்
குழாய் குழாயாய் ஓடி
வெள்ளரிக் கொடிகளின் காலடியைக்
கதகதப்பாக்குகிறது.

ராமுனே கழுத்தில் உருப்பெருக்கி தொங்குகிறது,
லித்துவேனியாவில் சிலுவை தொங்கிய அதே கயிற்றில்.
இலையைத் திருப்புகிறாள்.
எல்லாம் நடப்பது அடிப்புறத்தில்தான்:
நரம்போரம் மெல்லிய நூலாம்படை,
ஊசி குத்தினாற்போல் வெளுப்பு,
சாறு குடித்துக் கிடக்கும் சிலந்திப்பேன்கள்.
நடுவே ஓர் ஆரஞ்சுத் துளி
ஓடுகிறது.
கொன்றுண்ணிப் பேன்.
கண் கிடையாது அதற்கு.
முன்னங்காலால் தடவித் தடவி
இரையின் வாசம் பார்த்துப் போகிறது.

டிசம்பரில் விமானமேறி வந்தவை.
மரத்தூளில் புதைந்து, குப்பிக்கு இரண்டாயிரம்.
ஸ்டெய்ன்தோர்தான் தூவினான்
இலை இலையாக,
உப்புப் பார்த்துப் போடுகிறவனைப்போல.

பிறகு புயல். சாலை மூடியது.
அடுத்த குப்பிகள் கெப்லவிக்கில் முடங்கின.
ஏழாம் வரிசையின் வெளுப்பு
ஒரே வாரத்தில் ஒன்பதுக்குத் தாவியது.
வங்கி பொறுக்கும்;
வெள்ளரி பொறுக்காது.
அன்றிரவு அவன் அலமாரியைத் திறந்தான்.

மருந்துப் புட்டியோடு ஓர் அட்டவணை வரும்.
எந்த நல்ல பூச்சிக்கு எவ்வளவு கெடுதல் என்று
நான்கு கட்டங்கள்.
இது முதல் கட்டம்: தீங்கற்றது.
அடியில் பொடி எழுத்தில்:
தீங்கற்றது என்றால்
நூற்றுக்கு இருபத்தைந்துக்குக் கீழே சாவு.

மூன்று முறை படித்தான்.
அவன் அப்பாவிடம் நூறு ஆடுகள் இருந்தன.
ஒரு பனிக்காலத்தில் இருபத்திரண்டு போயின.
அதை யாரும்
தீங்கற்ற பனிக்காலம் என்று சொன்னதில்லை.

அடித்தான்.

மறுநாள் ராமுனே எண்ணினாள்.
அட்டவணை பொய் சொல்லவில்லை.
நூற்றுக்கு எண்பது ஓடிக்கொண்டிருந்தன.
பார்த்தாயா, என்றான்.

ஐந்தாம் நாளும் எண்ணினாள்.
ஓடின. ஓடின, அவ்வளவுதான்.
இரையின்மேல் ஏறி இறங்கி
எதையோ மறந்தவைபோல் ஓடின.
நரம்பின் கவட்டில் முட்டை இல்லை.
இருந்த ஒன்றிரண்டும்
நனைந்து காய்ந்த ஜவ்வரிசியாய்ச் சுருங்கிக் கிடந்தன.
சாகாமல் இருப்பதற்குக் கட்டம் உண்டு.
தழைக்காமல் போவதற்கு
அட்டவணையில் கட்டம் இல்லை.

சிலந்திப்பேன்களுக்கோ
மருந்து பந்தியில் வைத்த ஊறுகாய்.
முன்னைவிட அதிகம் இட்டன,
முத்து முத்தாய்.

"புதுக் குப்பி எப்போது விடலாம்?"
"மூன்று வாரம். இலையில் இருப்பது போகட்டும்."
"மருந்து அதற்குள்..."
விஷம், என்றாள் அவள்
தன் மொழியில், அவனுக்குப் புரியாதபடி.
அவனுக்குப் புரிந்தது.

பதினான்காம் வரிசையின் கோடியில்
கொதிநீர்க் குழாய் வளைகிற மூலை.
தெளிப்பான் அங்கே எட்டாது.
யாரும் எட்டிப் பார்ப்பதும் இல்லை.
வியாழக்கிழமை அவள் குனிந்து
ஓர் இலையைத் திருப்பினாள்.
ஆரஞ்சுத் துளி.
பக்கத்தில் நீளவாக்கில் ஒரு முட்டை,
எதிரியின் முட்டையைப்போல் இரண்டு பங்கு.
மூச்சை நிறுத்திக்கொண்டாள்,
ஊதினால் போய்விடும் என்பதுபோல.

நோட்டில் எழுதினாள்: வரிசை பதினான்கு, ஒன்று.
அடித்துவிட்டு
இரண்டு என்று எழுதினாள்.

தூரத்தில் ஸ்டெய்ன்தோர்
வெளுத்த இலைகளைக் கிள்ளி
வண்டியில் போட்டுக்கொண்டு வருகிறான்.
இந்த வரிசைக்குத் திரும்பும்போது
கையை மடக்கிக்கொண்டு வரச் சொல்ல வேண்டும்.